டெம்பரன்ஸ் என்றால் மதுவிலக்கா?

கேள்வி: அம்மா, வணக்கம். நான் ஆங்கில ஆசிரியை. பாடத்தில் 'டெம்பரன்ஸ்' என்ற சொல் வந்தது. ஓர் அகராதியில் மிதம் என்று இருக்கிறது. இன்னொன்றில் தன்னடக்கம். மூன்றாவதில் மதுவிலக்கு. அளவாகக் குடிப்பதும் தொடவே மாட்டேன் என்பதும் ஒரே சொல்லுக்குள் எப்படி இருக்க முடியும்? பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

பதில்: மூன்று அகராதியும் சரிதான். எந்தக் காலத்து டெம்பரன்ஸ் என்பதைப் பொறுத்தது. இந்தச் சொல்லில் நான் ஒருமுறை பிழை செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிது. கிரேக்கத் தத்துவம் பற்றிய ஒரு சின்ன அறிமுக நூல் கைக்கு வந்தது. பிளேட்டோ சொல்லும் நான்கு நற்குணங்கள் வரும் பக்கம். அறிவு, வீரம், நீதி என்று எழுதிக்கொண்டே வந்தேன். நான்காவது டெம்பரன்ஸ். மேசையில் இருந்த அகராதியைப் புரட்டினேன். மதுவிலக்கு என்று இருந்தது. அப்படியே எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லின் அடியில் மட்டும் சிவப்புக் கோடு. "ஏம்மா, இவர் எழுதின ஒரு நூலுக்கு சிம்போசியம்னு பேரு. கிரேக்கத்துல அதுக்கு அர்த்தமே சேர்ந்து குடிக்கிறதுதான். இவர் மதுவிலக்கையா நாலாவது குணமாச் சொல்லியிருப்பார்?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

டெம்பரன்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. 'டெம்பராரே' என்ற வினைச்சொல்தான் வேர். சரியான அளவில் கலப்பது என்பது அதன் பொருள். கட்டுப்படுத்துவது என்ற பொருளும் அதற்கு உண்டு. கிரேக்கரும் ரோமானியரும் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். கலக்காமல் குடிப்பதை நாகரிகம் இல்லாதவர் செயலாகவே கிரேக்கர் நினைத்தார்கள். கலப்பதற்கென்றே அகன்ற வாய் கொண்ட ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. பெயர் கிராட்டர். அந்தப் பெயருக்கும் கலக்குமிடம் என்றே பொருள். இன்றைய கிரேக்க மொழியில் மதுவுக்கு வழங்கும் 'கிராசி' என்ற பெயரும் கலவை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அதாவது, கலந்தது எதுவோ அதுவே மது.

ஐரோப்பிய ஓவியங்களில் டெம்பரன்ஸைப் பெண்ணாக வரைவார்கள். ஒரு கையில் ஒரு குடுவை, மறு கையில் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக்கொண்டிருப்பாள். குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் 14-ஆம் சீட்டிலும் இதே காட்சிதான். உங்கள் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது இந்தப் படத்தைத்தான். அவள் குடுவையை உடைக்கவில்லை, கவிழ்த்தும் வைக்கவில்லை. எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பார்த்து ஊற்றுகிறாள்.

சரி, பிளேட்டோவுக்கு வருவோம். அவர் சொன்னது 'சோஃப்ரோசினே' என்ற கிரேக்கச் சொல். அதை லத்தீனில் கொண்டுவர முயன்றவர் ரோமானிய எழுத்தாளர் சிசெரோ. பொது ஆண்டுக்கு முன் முதல் நூற்றாண்டு. தான் அதைச் சில இடத்தில் டெம்பரான்ஷியா என்றும், சில இடத்தில் மாடராஷியோ என்றும், எப்போதாவது மாடெஸ்டியா என்றும் சொல்வதாக அவரே எழுதியிருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தின் டெம்பரன்ஸ், மாடரேஷன், மாடெஸ்டி என்ற மூன்று சொற்களும் அந்த ஒரு வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன! ஒரு சொல்லுக்கு ஒரு சொல் போதவில்லை என்று அவ்வளவு பெரிய எழுத்தாளர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த நான்கு குணங்களில் பிளேட்டோ இதற்குக் கொடுத்த இடமும் தனி. அறிவு நாட்டை ஆள்பவர்களிடம் இருக்க வேண்டும், வீரம் காவல் வீரர்களிடம் இருக்க வேண்டும் என்கிறார். ஆனால் சோஃப்ரோசினே ஒரு பிரிவாருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாதாம். மெலிந்த சுரம், வலுத்த சுரம், நடுச் சுரம் எல்லாம் இசைந்து ஒலிப்பது போல எல்லோரிடமும் ஊடாடி நிற்க வேண்டும் என்கிறார். இந்த இடத்தில் மதுவிலக்கு என்று எழுதினால் வாக்கியமே இடிந்து விழுகிறது. நான் பின்னர் 'தன்னடக்கம்' என்று மாற்றினேன். இன்றைக்கு எழுதினால் 'நிதானம்' என்று போடுவேன். அடக்கத்தில் ஒன்றை மற்றொன்று அமுக்கும் சாயல் இருக்கிறது. பிளேட்டோ அங்கே கேட்பது இசைவு.

டெம்பராரேயின் குடும்பம் பெரியது. டெம்பரேச்சர், டெம்பரமென்ட், டெம்பரா ஓவியம், சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர், கைப்பேசித் திரையில் ஒட்டும் டெம்பர்டு கிளாஸ் எல்லாம் உறவுதான். டெம்பரமென்டுக்குப் பின்னால் பழைய ஐரோப்பிய மருத்துவம் இருக்கிறது. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு திரவங்கள் உடம்பில் கலந்திருக்கின்றன, எது தூக்கலோ அதுதான் அந்த ஆளின் சுபாவம் என்று நம்பினார்கள். டெம்பர் என்றால் அந்தக் கலவை சரியாக இருக்கும் நிலை. மனம் சமநிலையில் இருப்பதையும் அப்படியே சொன்னார்கள். கோபம் வந்தவர் 'டெம்பரை இழந்தார்' என்றார்கள். இழந்தது சமநிலையை. போகப் போக இழந்த பொருள் மறந்து, கோபத்துக்கே டெம்பர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. "அவருக்கு டெம்பர் ஜாஸ்தி" என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல் தலைகீழாக நிற்கிறது.

இந்தச் சொல்லின் ஆதிப் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உளி செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும். எஃகை நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் சட்டென்று தோய்த்தால் அது பயங்கரமாகக் கடினமாகிவிடும். ஆனால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஓங்கி அடித்தால் முனை தெறித்துப் போகும். ஆகவே முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இரண்டாம் முறை மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். இப்போது கண்ணை எடுக்கக் கூடாது. சுமார் 230 டிகிரி செல்சியஸில் அந்தப் பளபளப்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடும். அப்புறம் பழுப்பு, பிறகு ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். செய்யப்போகும் வேலைக்கு எந்த நிறம் பொருந்துமோ அந்த நிறம் முனைக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடினத்தில் கொஞ்சம் போகிறது, அடி தாங்கும் தன்மை வருகிறது. இதற்குப் பெயர் டெம்பரிங். தமிழில் 'பதம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதுதான் இது. இரும்பின் பதம், மண்ணின் பதம், பதமாகப் பேசுவது. டெம்பரின் முழு விரிவுக்கும் இவ்வளவு பொருந்தி வரும் வேறொரு தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. மனிதரின் குணத்துக்கு நாம் அதை ஆளவில்லை என்பதுதான் எனக்குள்ள ஒரே குறை.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதி. கலப்பது என்ற சொல் மறுப்பது என்று எப்போது மாறியது?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூட மாறவில்லை. அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர். குடியின் கேட்டைக் காட்ட அவர் ஒரு 'தெர்மாமீட்டர்' வரைந்தார். உச்சியில் தண்ணீர். கீழே இறங்க இறங்க, பால் கலந்த தண்ணீர், லேசான பீர், அப்புறம் ஒயின். இத்தனையும் டெம்பரன்ஸ் என்ற பகுதிக்குள்ளேயே வருகின்றன. பூஜ்யத்துக்குக் கீழேதான் ரம், ஜின், பிராந்தி. பக்கத்திலேயே அவற்றுக்குக் கிடைக்கும் கூலி: கடன், சிறை, கடைசியில் தூக்குமேடை. ஆக, அவருக்கு டெம்பரன்ஸ்காரர் என்றால் காய்ச்சி வடித்த சாராயத்தைத் தொடாதவர். சாப்பாட்டோடு அளவாக ஒயின் அருந்தினால் டெம்பரன்ஸ் கெட்டுவிடாது.

1826-இல் பாஸ்டனில் அமெரிக்க டெம்பரன்ஸ் சங்கம் தொடங்கியபோதும் எதிரி சாராயம்தான். பிறகு இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரம். ஜோசப் லிவ்சி என்ற பாலாடைக்கட்டி வியாபாரியும் இன்னும் ஆறு பேரும் 1832 செப்டம்பரில் எந்த மதுவும் வேண்டாம் என்று உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். பீரும் கிடையாது, ஒயினும் கிடையாது. அளவாகக் குடிப்பவர்தான் நாளை அளவில்லாமல் குடிக்கப் போகிறவர் என்பது அவர்கள் கண்ட அனுபவம். குடியால் வீடுகள் அழிவதைத் தினமும் பார்த்தவர்களின் பேச்சு அது. அதில் நியாயம் இருந்தது.

அடுத்த வருடம், 1833-இல், அதே ஊரில் ஒரு கூட்டத்தில் ரிச்சர்ட் டர்னர் என்ற உழைப்பாளி எழுந்து அரைகுறையெல்லாம் உதவாது, 'டீ-டோட்டல்' தான் வேண்டும் என்று முழங்கினார். டீடோட்டலர் என்ற சொல் அப்படிப் பரவியது. குடிக்கும் தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. டோட்டல் என்ற சொல்லின் முதல் எழுத்தான 'டி'யை முன்னால் இன்னொரு முறை அழுத்திச் சொன்னது அது. நாம் நடு என்பதை நட்டநடு என்றும், வெளி என்பதை வெட்டவெளி என்றும் அழுத்துகிறோம் அல்லவா, அதே வேலை. டர்னர் 1846-இல் இறந்தார். டீடோட்டல் என்ற சொல்லை உண்டாக்கியவர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக ஒரு சாமானியரின் பெயர் கல்லில் நிற்கிறது. இதை எழுதும்போதும் மனம் நெகிழ்கிறது.

அந்த இயக்கம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். சுற்றுலாத் தொழிலின் தொடக்கம் என்று இதைச் சொல்வார்கள். அந்த ரயில் போனது ஒரு டெம்பரன்ஸ் கூட்டத்துக்கு. அமெரிக்காவில் இதே இயக்கம் 1920-இல் நாடு முழுவதும் மது விற்பனையைத் தடை செய்யும் வரை போனது. 1933-இல் அந்தத் தடை நீங்கியது. சொல்லின் மேல் விழுந்த கறை மட்டும் நீங்கவில்லை. கறை என்று சொல்வது அந்த மனிதர்களைக் குறைத்து அல்ல. அவர்கள் கேட்டது முழு விலக்கு. அதற்கு டீடோட்டல் என்று நல்ல சொல் ஒன்றையும் உண்டாக்கியிருந்தார்கள். ஆனால் பதாகையில் பழைய சொல்லே நின்றுவிட்டதால் அளவு, கலவை, இசைவு என்ற அதன் பழைய பொருளெல்லாம் பின்னால் போய்விட்டது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். பிளேட்டோ, சிசெரோ வரும் பக்கத்தில் நிதானம். 19-ஆம் நூற்றாண்டுச் சங்கங்கள் வரும் பக்கத்தில் மதுவிலக்கு. பூகோளப் பாடத்தில் டெம்பரேட் மண்டலம் என்றால் மிதவெப்ப மண்டலம். முதலில் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அகராதி அப்புறம்.

கேள்வி: 'சோபர்' என்பதும் இதே வேரா?

பதில்: இல்லை. அது லத்தீன் 'சோப்ரியுஸ்'. வெறி, போதை என்ற பொருளுள்ள 'ஏப்ரியுஸ்' என்ற சொல்லின் முன்னால், நீங்கிய என்று பொருள்படும் 'சே' சேர்ந்தது. அதாவது போதை நீங்கியவர். ஆங்கிலத்தில் சோபர் என்றால் குடிக்காதவர் என்றும் பொருள், ஆரவாரம் இல்லாமல் சிந்திப்பவர் என்றும் பொருள். நம்மிடமும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. "அவர் நிதானமான ஆள்" என்றால் குணம். "அவர் இப்போது நிதானத்தில் இல்லை" என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

இதோடு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மட்டு என்றால் அளவு. மட்டுப்படுத்துவது என்றால் அளவுக்குள் கொண்டுவருவது. சங்கப் பாடல்களிலோ மட்டு என்றால் கள். வெவ்வேறு சொற்கள்தான், உருவம் ஒன்றாக அமைந்துவிட்டது. ஆனாலும் அளவும் கள்ளும் ஒரே எழுத்துகளில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது.

கேள்வி: அணு உலையில் 'மாடரேட்டர்' என்று ஒரு பொருள் இருக்கிறதாம். நான் இயற்பியல் மாணவன். உலையை நிறுத்துவதால் அந்தப் பெயரா?

பதில்: நிறுத்துவது வேறொன்று. மாடரேட்டர் நிறுத்தாது. லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. அதிலிருந்து வந்த மாடரேஷனுக்கு அளவுக்குள் கொண்டுவருதல் என்று பொருள். இசையில் மாடராட்டோ என்றால் மிதமான வேகம். உலையிலும் இதே பொருளைத்தான் அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யுரேனிய அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் அடுத்த யுரேனியம் 235 அணுவைப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வழியில் கிராஃபைட்டையோ தண்ணீரையோ வைத்தால் நியூட்ரான் அதன் அணுக்கள் மேல் மோதி மோதி வேகம் இழக்கும். கிராஃபைட்டில் நூற்றுச் சொச்சம் மோதல், சாதாரணத் தண்ணீரில் இருபதுக்கும் குறைவு. கடைசியில் விநாடிக்கு சுமார் 2 கிலோமீட்டருக்கு வந்துவிடும். அப்போதுதான் பிளப்பு நன்றாக நடக்கிறது. ஆக, மாடரேட்டர் இருப்பதால்தான் அந்த உலை ஓடுகிறது.

நிறுத்துவதற்கு இருப்பது கட்டுப்பாட்டுத் தண்டு. அது நியூட்ரானை விழுங்கிவிடும். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் இயக்கிய முதல் உலையில் கிராஃபைட் மாடரேட்டராக இருந்தது, காட்மியம் தண்டாக இருந்தது. மேலே ஆசிரியைக்கு எழுதிய பதிலை நீங்களும் படியுங்கள். பழைய டெம்பரன்ஸ் கிராஃபைட். பிரஸ்டன் உறுதிமொழி காட்மியம். உலைக்கு இரண்டும் வேண்டும், ஆனால் பெயரை மாற்றி வைத்துவிட்டால் பாடம் குழம்பிவிடும்.

கேள்வி: ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்தும் வரிசையாக வரும் சொல் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. அதுவும் இந்த வார விஷயத்துக்குள்ளேயே. ஆப்ஸ்டீமியஸ். ஏ, ஈ, ஐ, ஓ, யூ அப்படியே வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை. உணவிலும் குடியிலும் அளவோடு இருப்பவர் என்று பொருள். லத்தீனில் மதுவைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்லிலிருந்து விலகியவர் என்பதுதான் தொடக்கம். சிறுமியாக இருந்தபோது இதைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்தேன். ஃபசீஷியஸ் என்று இன்னொன்றும் உண்டு. எழுதிப் பாருங்கள்.

கேள்வி: கீபோர்டு கற்கிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ஒரு தொகுப்பின் பெயரில் 'வெல்-டெம்பர்டு' என்று வருகிறது. கருவிக்குக் கோபம் உண்டா, நிதானம் உண்டா?

பதில்: நிதானம்தான், மிகத் துல்லியமான நிதானம். 1722-இல் பாக் அந்தத் தொகுப்பை முடித்தார். 24 சுருதிகளிலும் ஒவ்வொன்று எழுதி, ஒரே கருவியில் எல்லாவற்றையும் வாசிக்க முடியும் என்று காட்டினார். இது ஏன் பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும்.

ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள விகிதம் 3-க்கு 2. அதாவது ஒன்றரை மடங்கு. ச-விலிருந்து ப, அந்தப் ப-வை ச-வாக வைத்து அதற்கு ஒரு ப என்று 12 முறை ஏறினால் பன்னிரண்டு சுரங்களையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய சுரத்துக்கே, 7 ஸ்தாயி மேலே, வந்து சேர வேண்டும். ஒன்றரையை 12 முறை பெருக்கிப் பாருங்கள். 129.75-க்கு ஒரு துளி குறைவாக வரும். 7 ஸ்தாயி என்பது 2-ஐ 7 முறை பெருக்குவது, 128. இரண்டும் சேரவில்லை! ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி மிஞ்சுகிறது. எல்லா ச-ப இணைகளையும் சுத்தமாக வைத்தால் அந்த மிச்சம் முழுவதும் எங்கோ ஓர் இணையில் போய்ச் சேர்ந்து, அது காதைக் கிழிக்கும்.

ஆகவே அந்த மிச்சத்தைப் பல இணைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் சுத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பகிர்வுக்குப் பெயர்தான் டெம்பரமென்ட். பாக் காலத்தில் இதைச் சில இணைகளுக்கு அதிகம், சிலவற்றுக்குக் குறைவு என்று பல விதமாகச் செய்தார்கள். உங்கள் கீபோர்டில் பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறது.

நல்ல பியானோ ஒன்று கிடைத்தால் 220 ஹெர்ட்ஸ் 'ஏ' சுரத்தையும் அதற்குப் ப-வாக மேலே வரும் 'ஈ'யையும் சேர்த்து அழுத்திவிட்டுக் காதை அருகே வையுங்கள். ஒலி மெல்ல அலையடிப்பது கேட்கும். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் முதலில் அந்த அலை முழுதும் அடங்கும் வரை முறுக்குவார். அப்போது இணை சுத்தமாக இருக்கும். அதோடு விடமாட்டார். 'ஈ'யின் கம்பியை ஒரு மயிரிழை தளர்த்துவார். நான்கு விநாடிக்கு மூன்று அலை என்று எண்ணிக்கொண்டே தளர்த்துவார். மூன்று வந்ததும் கையை எடுத்துவிட்டு அடுத்த கம்பிக்குப் போவார்.